புலிக்கு முன்னால் நடப்பவள்

தக்ளி வெதுவெதுப்பாக இருந்தது. மார்ச் மாதத்தில், கொரியாவின் தேபெக் மலையில், பனி இன்னும் முழுதாகக் கரையாத கல்குவியலில், நூறு வருஷமாகக் குத்தி நின்ற இரும்பு சூடாக இருக்க நியாயமே இல்லை. சேரின் அதை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் வேறு யாரோ கையில் வைத்திருந்தது போல இருந்தது.

பிடுங்கியிருக்கக் கூடாதுதான். புலி அடித்துத் தின்றவர்களின் மிச்சத்தை எரித்து, மேலே கல்லைக் குவித்து, மாவு அவிக்கும் ஓட்டைப் பானையைக் கவிழ்த்து, அந்த ஓட்டையில் நூல் நூற்கும் தக்ளியைச் செருகி வைப்பது இந்த மலைக்காரர்களின் வழக்கம். உள்ளே இருப்பது வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்காக. சேரினுக்கு இது தெரியாதா என்ன? இதை வைத்துத்தான் குழந்தைகளுக்குப் படப்புத்தகம் வரைந்துகொண்டிருந்தாள். ஆனால் பதிப்பகத்து மியோங்ஹி காலையிலேயே போனில் பிடித்துக்கொண்டாள்.

"தக்ளி வெறும் குச்சி மாதிரி இருக்கு மேடம். உள்ள போற முனை எப்படி இருக்கும்னு பிள்ளைங்க கேக்கும்ல? அப்புறம் அந்தப் பேய்... கொஞ்சம் சிரிச்ச முகமா போட்டுடுங்க. புள்ள பயந்துட்டா அப்பன் எப்படி வாங்குவான்?"

தொட்டுப் பார்க்காமல் வரைய வராது சேரினுக்கு. அந்தக் கெட்ட பழக்கத்துக்குத்தான் விருது வேறு கொடுத்திருந்தார்கள். முனையை நாலு பக்கமும் வரைந்துவிட்டுத் திரும்பச் செருகப் போனாள். இறங்கவில்லை. பலமாக அழுத்தினாள். அடியிலிருந்து ஏதோ நிதானமாகத் திருப்பி அழுத்தியது.

பைன் மரங்களில் காற்று நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. நனைந்த தோலின் வாடையும், கறிக்கடைப் பலகையைக் கழுவிவிட்ட தண்ணீரின் வாடையும் கலந்து, கற்களுக்கிடையிலிருந்து மெல்ல மேலேறி வந்தன.

"சேரின்."

அம்மாவின் குரல். அம்மா இருப்பதோ பூசானில். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"என்னம்மா?"

திரும்பினாள்.

அதற்குப் பிறகு அவள் நடந்துகொண்டிருந்தாள். மலையிறங்கிச் சந்தைத் தெரு வழியாக, நல்ல வெயிலில். ஒரு காலில் செருப்பில்லை. பனி கரைந்த சேற்றில் வெறுங்கால் பட்டும் குளிரவில்லை. மீன்காரியின் நாய் அவளைப் பார்த்ததும் வண்டிக்கடியில் புகுந்து, அங்கேயே மூத்திரம் விட்டது. மீன்காரி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

பின்னால் காலடிகள். நான்கு. மெத்தென்று, அவசரமில்லாமல்.

நின்றால் பிடரியில் சூடாக மூச்சு விழுந்தது. போலீஸ் நிலையத்துப் பக்கம் திரும்பப் பார்த்தாள். கால்கள் கேட்கவில்லை. அவை வீட்டுக்குத்தான் போயின. வீட்டில் பொமி இருந்தாள். அவளுடைய ஒரே மகள், ஏழு வயது, பள்ளி விட்டு வந்து தனியாக.

சேரினுக்குப் புரிந்துவிட்டது. பன்னிரண்டாம் பக்கத்தில் அவளே வரைந்ததுதான். புலிக்கு இரையானவர் பேயாகி அந்தப் புலிக்கே அடிமை. முன்னால் நடந்து வழிகாட்ட வேண்டும். சொந்த ரத்தத்தில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தால்தான் விடுதலை.

வேண்டாம், என்னையே வைத்துக்கொள், காலமெல்லாம் வைத்துக்கொள் என்று மனசுக்குள் கதறினாள். முகம் மட்டும் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

நாலாவது மாடி. கதவுப் பூட்டின் எண்களை அழுத்தினாள். அவள் விரலுக்கு அது விழிக்கவே இல்லை.

"பொமி."

தன் குரல்தான். தேன் தடவிய மாதிரி.

உள்ளே குட்டிக் கால்கள் ஓடி வந்தன.

"பொமி, கதவைத் திறடா கண்ணு."

கிளுக்கென்று சிரிப்பு. "மாட்டேனே! ரெண்டு தடவைதான் ஆச்சு. பேய்க்கு மூணாவது தடவை கூப்பிட வராதுன்னு நீதானே கதை சொன்ன? அம்மாவா இருந்தா இன்னொரு தடவை கூப்பிடு பாக்கலாம்."

தொண்டை அடைத்துக்கொண்டது. உண்மைதான், மூன்றாவது வரவில்லை. சேரினுக்கு அழுகை முட்டியது. அவ்வளவும் சந்தோஷம். பிள்ளை பிழைத்தாள். பின்னால் மூச்சு கனத்தது. காத்திருந்தது.

"அம்மா? ஏம்மா பேச மாட்டேங்கற? எனக்குப் பயமா இருக்கும்மா. கதவைத் திறந்து பாக்கட்டுமா?"

திறக்காதே. ஓடு. உள்ளே போய்ப் பூட்டிக்கொள்.

இருந்த உயிரையெல்லாம் திரட்டினாள். தாயின் பலம் முழுவதும் திரட்டினாள். அடைப்பு உடைந்தது. பேய்க்கு வராதது அம்மாவுக்கு வந்தது.

"பொமி!"

எந்த அம்மாவும் முதலில் பெயரைத்தான் சொல்வாள். மீதி வார்த்தைகள் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

"மூணு!" உள்ளே கைதட்டல். "அம்மாதான்! அம்மாதான்!"

பூட்டு தன் சின்னப் பாட்டைப் பாடியது. கதவு திறந்தது. கையில் ஆரஞ்சு மெழுகுப் பென்சிலுடன் பொமி அவளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவள் கண்கள் அம்மாவின் முகத்தைத் தாண்டி மேலே போயின. இன்னும் மேலே.

சேரினின் கால்கள் ஒதுங்கி வழிவிட்டன. உடம்பிலிருந்து பெரிய கனம் ஒன்று இறங்கியது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது.