பாதி இருமல்

கொட்டகைப் பூட்டு துருவேறித் திறக்க அடம்பிடித்தது. மனைவி என் பின்னால் நின்று இருமிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். எதிரே யாரோ வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். பயப்பட எதுவுமில்லாத மத்தியானம்.

என் தோளில் பஞ்சு கொட்டும் வில் தொங்கியது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தோம். கொடுத்தவன் உயிரோடு இல்லை.

அவனைத் தாராளம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மூட்டை தூக்கி முதுகு விட்டுப்போய் நான் கிடந்தபோது, இந்த வில்லைக் கையில் கொடுத்து, கொட்டகையில் பாதி இடமும் விட்டு, மெத்தைத் தொழிலைப் பழக்கியவன் அவன். நான் பஞ்சு கொட்டினேன். மனைவி உறை தைத்தாள். மகன் மெத்தையைத் தலையில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோனான். அப்படித்தான் எங்கள் அடுப்பு எரியத் தொடங்கியது. எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான்: "இந்தா, வச்சுக்க." கொடுத்ததைத் திருப்பித் தரப் போனால் மட்டும் முகம் மாறிவிடும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான்.

பஞ்சுத் தூசு அவன் நெஞ்சில் இறங்கியது. இருமலிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று, பிறகு "ஒண்ணுமில்ல". கேட்டால் அந்த இருமலையும் கொடுத்துவிடுவான் என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

ஆஸ்பத்திரியில் அவன் மூச்சுக்குத் தவித்ததைப் பார்க்க முடியாமல், என் மனைவி கட்டிலோரம் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"தாங்க முடியலயே அண்ணே. இந்த நோவுல பாதிய எனக்குக் குடுத்துடுங்க."

எல்லோரும் சொல்கிற பேச்சுதான். பாசத்தில் வருவது. யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள்?

அவன் கண்ணைத் திறந்தான்.

"கேக்குறியா தங்கச்சி?"

"ஆமாண்ணே."

"இந்தா, வச்சுக்க."

அன்றே போய்ச் சேர்ந்தான். அடக்கம் முடிந்து வீடு திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் இருமினாள். சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

அது அவள் குரல் இல்லை.

டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். கையில் கொடுத்த காகிதத்தை எழுத்துக் கூட்டி நானே படித்தேன். குறை ஏதுமில்லை என்று போட்டிருந்தது. அவளோ நாளுக்கு நாள் பஞ்சு உருவிய உறை மாதிரி ஆகிக்கொண்டிருந்தாள். அவன் கொடுத்ததையெல்லாம் அவனிடமே விட்டுவிட்டால் இதுவும் போகுமோ என்று எனக்கு ஒரு நப்பாசை.

பூட்டு திறந்தது.

உள்ளே மூடிக் கிடந்த பஞ்சின் வாடை. அதற்குள் அவன் நெஞ்சில் தடவும் தைலத்தின் வாடையும், இப்போதுதான் தடவியதுபோல. கூரை ஓட்டை வழியாக வெயில் கம்பிபோல இறங்கியது. அதில் தூசு சுழலவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி, அப்படியே நின்றது.

வில்லை அவனுடைய ஆணியில் மாட்டினேன். சாவியைக் கீழே வைத்தேன்.

"மச்சான், எல்லாத்தையும் எடுத்துக்க. இவகிட்ட குடுத்ததையும் எடுத்துக்கடா. இவ இல்லாம என்னால முடியாது."



வில்லின் நரம்பு ஒரு தரம் அதிர்ந்தது.

யாரும் தொடவில்லை.

நின்றிருந்த தூசு நகர்ந்தது. சிதறவில்லை. ஒரே பக்கமாக, அவள் முகத்தை நோக்கி, மெல்லப் போனது. அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கால் மடிந்து விழுந்தாள்.

வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். தெருமுனை தாண்டிய பிறகுதான் தோளில் ஏதோ உறுத்தியது.

வில்.

வீட்டில் நாங்கள் முதன்முதலில் செய்த மெத்தையில் அவளைக் கிடத்தினேன். தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன். அந்த நேரம் பார்த்து மகன் வந்துவிட்டான். இத்தனை நாளும் அவனுக்கு எதையும் சொல்லாமலே வைத்திருந்தோம். தலைச்சுமையை வாசலிலேயே போட்டுவிட்டு, அம்மா அருகில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் அவளும் இப்படித்தான் தாராளத்தின் கையைப் பிடித்தாள். செம்பை விட்டுவிட்டுப் பாய்ந்தேன்.

"பாக்க முடியலம்மா. உன் நோவுல பாதிய எனக்கு..."

அவன் வாயைப் பொத்தினேன். மிச்ச வார்த்தை என் உள்ளங்கையில் சூடாக முட்டியது.

அவன் திமிறவில்லை. வியப்போடு என்னைப் பார்த்தான். அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் இறுக மூடியிருந்தன.

"இந்தா, வச்சுக்க."

எங்கள் மூவரில் யாரும் வாய் திறக்கவில்லை.

மூடிய உதடுகளுக்குள் அவள் இருமல் நின்றபாடில்லை. என் கைக்குள் மகனின் மூச்சு இடறியது.

சின்னதாக ஒன்று.

சின்னதாக இன்னொன்று.