நீலக் கதவுக்குள் போக மாட்டேன்

சனிக்கிழமை வந்தாலே ஒமோலோவுக்கு வயிறு வலிக்கும். அதுவும் அந்த நீலக் கதவு கண்ணில் பட்ட பிறகுதான் வலிக்க ஆரம்பிக்கும்.

அன்றும் அப்படித்தான். ஐந்து வயது ஒமோலோ அந்தக் கதவுக்கு எதிரே நின்ற மாமரத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டான்.

"போக மாட்டேன்."

"வயிறு வலின்னா வயித்தைத்தானே பிடிக்கணும்? மரத்தை ஏன்டா பிடிக்கிற?" என்று கேட்டாள் அவனுடைய அக்கா அவினோ. அவளுக்குப் பத்து வயது.

ஒமோலோ மரத்தை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

அம்மாவும் அப்பாவும் பிரிந்து வாழ்ந்தார்கள். கென்யாவின் கிசுமு நகரச் சந்தையில் பழைய துணி விற்கும் அம்மாவோடு பிள்ளைகள் இருந்தார்கள். அப்பா ஏரிக்கரையில் படகுப் பட்டறைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவர் வீட்டு வாசலுக்கு வந்தால் சண்டை வந்துவிடுகிறது. அதனால் சனிக்கிழமை காலையில் சமரச நிலையத்தில் பிள்ளைகளைப் பார்ப்பது என்று பேசி முடிவாகியிருந்தது.

தேவாலய வளாகத்துக்குள் நீலக் கதவு வைத்த ஓர் அறைதான் அந்த நிலையம். அங்கே நெகேசா மேடம் இருப்பார். பிரிந்துபோன பெற்றோரை உட்காரவைத்துப் பேசவைப்பதும், பிள்ளைகள் அப்பாவோடு இருக்கும்போது கூடவே இருந்து பார்த்துக்கொள்வதும் அவர் வேலை.

அப்பா மண்டாசி என்னும் இனிப்புப் போண்டாப் பொட்டலத்தோடு கதவருகே வந்து நின்றார். எண்ணெய் காகிதத்தில் ஊறியிருந்தது.

"ஒமோலோ, உள்ள வாடா. சூடா இருக்கு பாரு."

ஒமோலோ மரத்துக்குப் பின்னால் போனான்.

அப்பா முகம் மாறி, மரத்தருகே நின்ற அம்மாவின் பக்கம் திரும்பினார். "அவினோ அம்மா, என்னைப் பத்தி இவன்கிட்ட என்ன சொல்லி வச்சிருக்க?"

"நான் எதுக்குச் சொல்லணும்? நீங்க போட்ட சத்தமெல்லாம் அவன் காதுல இன்னும் கேக்குதோ என்னவோ."

"சத்தம் நான் மட்டுமா போட்டேன்?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றார் நெகேசா மேடம். அவர் குரலை உயர்த்தவில்லை. "பிள்ளைங்க நிக்கிறாங்க."

பிறகு அம்மாவையும் அப்பாவையும் தனியாக அழைத்துப் பேசினார். பேசியது அவினோவுக்கும் கேட்டது. வர மாட்டேன் என்கிற பிள்ளையைக் கட்டாயப்படுத்தி உள்ளே தள்ள முடியாது. அடுத்த வாரமும் இப்படியே நடந்தால், ஒமோலோ அப்பாவைப் பார்ப்பதைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டிவரும்.

அவினோ மட்டும் அப்பாவோடு உள்ளே உட்கார்ந்தாள். சோடா மூடிகளை வைத்துக் கட்டம் விளையாடினார்கள். அப்பாவின் காய்கள் வரிசையாக வெட்டுப்பட்டன. அவர் கவனிக்கவே இல்லை.

"அவனுக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டார்.

அவினோ வெட்டிய காய் ஒன்றைத் திரும்ப அவர் பக்கம் வைத்தாள்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் ஒமோலோவிடம் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். அம்மா கேட்டாள். பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள். அவினோவும் கேட்டாள்.

"அப்பாவை உனக்குப் பிடிக்காதா?"

"பிடிக்குமே."

"அப்ப ஏன் உள்ள வர மாட்டேங்கிற?"

அவ்வளவுதான். ஒமோலோ வாயை மூடிக்கொள்வான். மிட்டாய் தருவதாகச் சொன்னால் தலையாட்டுவான், மிட்டாயையும் தின்றுவிடுவான், உள்ளே போவதைப் பற்றிக் கேட்டால் மறுபடியும் ஊமையாகிவிடுவான்.

வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து நடந்து வரும்போது அவினோ யோசித்தாள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் ஒரே பதில்தானே வரும்? தம்பிக்கு அப்பாவைப் பிடிக்கும் என்று அவனே சொல்லிவிட்டான். இனி அப்பாவைப் பற்றிக் கேட்பதில்லை என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை காலை. வெயில் ஏறுவதற்கு முன்பே புழுக்கம் தாங்கவில்லை. ஒமோலோ கட்டிலுக்குப் பின்னால் மும்முரமாக எதையோ செய்துகொண்டிருந்தான். அவினோ எட்டிப் பார்த்தாள். அவன் ஒரு அரைக்கால் சட்டைக்கு மேல் இன்னொன்றைப் போட்டு, அதற்கு மேல் அம்மாவின் விற்பனை மூட்டையிலிருந்து எடுத்த கம்பளிக் கால்சட்டையை இழுத்துக்கொண்டிருந்தான். முழங்காலுக்கு மேல் அது ஏறவில்லை.

அவினோவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் இழுத்து விடவா?"

"ம்."

இருவருமாக இழுத்து ஏற்றினார்கள்.

"அந்த ரூமுக்குள்ள என்னடா இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஒமோலோ தொடையைத் தட்டிக் காட்டினான்.

"ஊசி. இத்தனை துணி போட்டா உள்ள போகாதுல்ல?"

"அங்க யாருடா ஊசி போட்டா?"

"கழுத்துல அட்டை மாட்டின மேடம். அம்மா அன்னைக்கு என்னைக் கூட்டிட்டுப் போனா. 'ஒண்ணும் இல்ல, சும்மா உள்ள வா'ன்னு சொன்னா. உள்ள போனதும் கையப் பிடிச்சுக்கிட்டா." ஒமோலோ கம்பளிக் கால்சட்டையை இன்னும் மேலே இழுத்தான். "அன்னைக்கு அம்மா பிடிச்சா. இப்ப பிடிக்கிறதுக்கு அப்பா நிக்கிறாரு."

அவினோவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மழைக்காலத்துக்கு முன்னால் அந்த அறையில்தான் அம்மைத் தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட வந்த நர்ஸ் போலவே நெகேசா மேடமும் கழுத்தில் அட்டை மாட்டியிருப்பதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஆனால் அதை இப்படிச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அம்மாவிடம் போய்ச் சொன்னாள். அம்மா தலைவாரிக்கொண்டிருந்த சீப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஊசியா?"

"ஆமாம்மா. அப்பா ஒண்ணும் பண்ணல. நீயும் ஒண்ணும் சொல்லல."

அம்மா இத்தனை நாளாக அப்பாவைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கோபத்தைத் திடீரென்று எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருந்தது. "சரி, போய்ப் பாத்துக்கலாம்," என்று மட்டும் சொன்னாள்.

தான் சொன்னால் அம்மா சொல்லிக் கொடுத்தது என்பார் அப்பா. அம்மா சொன்னாலும் நம்ப மாட்டார். வழியெல்லாம் அவினோ இதையே நினைத்துக்கொண்டு வந்தாள். வாசலுக்குள் நுழைந்ததும் நேராக நெகேசா மேடத்திடம் போனாள்.

"மேடம், தம்பி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். எல்லாரும் இருக்கும்போது கேக்கட்டும்."

அப்பாவும் வெளியே வந்தார். ஒமோலோ அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து வழிய நின்றான்.

"கேளுடா," என்றாள் அவினோ.

"ஊசிய எங்க வச்சிருக்கீங்க?"

நெகேசா மேடம் விழித்தார். "எந்த ஊசி?"

ஒமோலோ நீலக் கதவைக் காட்டினான். பிறகு தொடையைக் காட்டினான். "மழைக்கு முன்னால இங்கதான் அவனுக்குத் தடுப்பூசி போட்டோம்," என்றாள் அம்மா.

நெகேசா மேடம் சிரிக்கவில்லை. மாமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து தன் கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சாவிக்கொத்து, சீப்பு, பாதி தின்ற வேர்க்கடலைப் பொட்டலம், ஒரு ஒற்றைக் காதணி.

"அட, இதைத்தான் ஒரு மாசமா தேடுறேன்," என்று காதணியை எடுத்துக்கொண்டார். "ஊசி இருக்கா பாரு."

ஒமோலோ குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். "அப்பா?"

அப்பா கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துவிட்டார். திருப்புளி, மீன் தூண்டில் நூல், மண்டாசிப் பொட்டலம்.

"அம்மா?"

அம்மாவும் தன் பையைக் கொட்டினாள்.

"இல்ல," என்றான் ஒமோலோ. பிறகு கதவைப் பார்த்தான். "உள்ள இருக்கலாம்."

"அப்ப உள்ள எதுக்குப் போகணும்?" என்றாள் அவினோ. "இங்கயே உக்காரலாமே. மேடம், இங்க இருந்தா உங்களுக்குத் தெரியும்தானே?"

"வளாகத்துக்குள்ள, என் கண்ணுக்குத் தெரியிற மாதிரி. அவ்வளவுதான் விதி," என்றார் நெகேசா மேடம். உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்தார்.

அப்பா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒமோலோவைக் கூப்பிடவில்லை. கைகள் இரண்டையும் பின்னால் ஊன்றிக்கொண்டார். ஒமோலோ அந்தக் கைகளைப் பார்த்தான். பிறகு மெதுவாகப் போய் மண்டாசி ஒன்றை எடுத்துக்கொண்டு, அவர் மடியில் உட்கார்ந்தான்.

அம்மா கிளம்பவில்லை. பையில் பொருள்களைத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி போட்ட அன்னைக்குக் காய்ச்சல் வந்துச்சா?" என்று அப்பா கேட்டார்.

"ரெண்டு நாள் இருந்துச்சு."

"எனக்குத் தெரியாது."

"நான்தான் சொல்லல," என்றாள் அம்மா. பையை மூடினாள். "இனி சொல்றேன். முடியிறப்ப வந்து கூட்டிட்டுப் போறேன், அவினோ அப்பா."

"சரி," என்றார் அப்பா.

அம்மா வாசலைத் தாண்டிச் சந்தைப் பக்கம் நடந்தாள். ஒமோலோ கம்பளிக் கால்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, அப்பாவின் தூண்டில் நூலைக் கீழே கிடந்த குச்சியில் கட்டி மீன் பிடிக்கக் கிளம்பினான். நெகேசா மேடம் பெரிய மீனாக நடித்து இழுபட்டுக் கொடுத்தார்.

அப்பா அவினோவின் பக்கம் திரும்பினார்.

"இத்தனை வாரமா உன் தம்பியப் பத்தியே கேட்டுக்கிட்டு இருந்துட்டேன். நீ எப்படி இருக்க?"

அவினோ பாயில் காலை நீட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் நடந்த ஓட்டப்பந்தயம், விழுந்த பல், புதிய ஆசிரியரின் விசித்திரமான தும்மல் என்று அவளிடம் சொல்ல ஏராளம் இருந்தது. முதலில் அந்தத் தும்மலைத் தும்மிக் காட்டினாள்.