மழையில்லாத பிரதி

திரையில் யானைக்குட்டி ஒரு குளிர்பதனப் பெட்டியை விழுங்கியபோது, அரங்கில் இருந்த நானூறு பேரின் உறுத்தல் எண்பத்திரண்டைத் தொட்டது.

ஷீபா கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து வரைகோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனை அரங்கின் ஒவ்வொரு இருக்கையிலும் கைப்பிடியில் ஓர் உலோகப் பட்டை உண்டு. அதற்கு உறுத்தல்மானி என்று பெயர். உள்ளங்கை வியர்வையையும் நாடித்துடிப்பையும் சேர்த்துப் படித்து, குற்ற உணர்வில் மனம் எவ்வளவு குறுகுறுக்கிறது என்று நூற்றுக்கு இத்தனை என எண்ணில் சொல்லிவிடும்.

"இப்ப மழையை விடுங்க," என்றார் கோதண்டம்.

திரையில் மழை கொட்டியது. யானைக்குட்டி தும்மியது. அது விழுங்கிய குப்பை எல்லாம் பூவாகக் கொட்டியது. ஊர் மக்கள் தங்கள் இயந்திரங்களைத் தெருவில் எறிந்துவிட்டு நனைந்துகொண்டே ஆடினார்கள். அரங்கில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. வரைகோடு செங்குத்தாக இறங்கி ஒன்பதில் நின்றது.

"ஒன்பது!" கோதண்டம் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். "நீயும் அழுதியாம்மா? எழுதின கதைக்கே அழுற ஆளு இந்தக் கட்டடத்துல நீ ஒருத்திதான்."

ஷீபா ஒன்பதைக் குறித்துக்கொண்டாள். அலுவலகத்தில் அவள் பேசுவது குறைவு.

கோதண்டம் படக்கூடத்தின் தலைவர். பதினோரு ஆண்டுகளில் அவர் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. வரைகோட்டை மட்டும் பார்ப்பார். அது எண்பதுக்கு மேல் ஏறி பத்துக்குக் கீழ் இறங்கினால் கையெழுத்துப் போடுவார். படக்கூடத்தில் எல்லோருக்கும் அதே பழக்கம்தான்.

உறுத்தல் உயர ஏறி மழையில் சட்டென்று இறங்கியவர், தான் திருந்திவிட்டதாகவே உணர்கிறார். அடுத்த மூன்று நாட்களுக்கு அவர் கை எதையும் வாங்கத் தயங்குவதில்லை. உறுத்தல்மானியைச் செய்தவர்கள் கண்டுபிடித்தது இதைத்தான். தொழிலில் அந்த மூன்று நாட்களுக்குக் 'கழுவிய நாட்கள்' என்று பெயர். அதனால்தான் குளிர்பதனப் பெட்டியும் பொம்மையும் செய்கிற நிறுவனமே இந்தப் படக்கூடத்தை வைத்து, அவற்றை வாங்கிக் குவிக்காதீர்கள் என்று குழந்தைகளுக்கு இயங்குபடம் எடுத்தது. பள்ளிகள் மாதம் ஒருமுறை மாணவர்களை அழைத்துப் போயின. நல்ல விஷயம் சொல்கிறார்கள் என்று பெற்றோருக்கும் திருப்தி. அரங்கை விட்டு வெளியே வரும் வழி அந்த நிறுவனத்தின் கடைக்குள்தான் போகும்.

ஷீபா இயற்பியல் படித்துவிட்டு அளவீட்டுப் பிரிவில் சேர்ந்தவள். பிறகு கதைப் பிரிவுக்கு வந்தாள். மூன்று படம் எழுதும்வரை அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவது படம் முடிந்து மக்கள் வெளியே வந்தபோது, ஓர் அம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடியே வந்தாள். அந்தக் கைக்குட்டை கையில் இருக்கும்போதே கடையில் இரண்டு மிக்சிகளைத் தூக்கி எது கனம் என்று பார்த்தாள். ஷீபா அன்றிலிருந்து மழையை வெறுத்தாள்.

இப்போதைய படத்தின் நாயகன் தொந்தி என்ற யானைக்குட்டி. ஊரார் எறியும் எல்லாவற்றையும் அது தின்றுவிடும். அதனால் ஊருக்குக் குப்பையே கண்ணில் படாது. தொந்தியின் வயிறு மட்டும் நாளுக்கு நாள் பெருத்துத் தெருவை அடைத்து, வலியில் அது முனகும்.

அரங்குகளுக்கு அனுப்பும் பிரதியில் ஷீபா யாருக்கும் தெரியாமல் மழையை வெட்டினாள். அதில் தொந்தி மூச்சு வாங்கியபடி பார்வையாளர்களைத் திரும்பிப் பார்க்கும். "இன்னும் இருக்கா?" என்று கேட்கும். திரை இருண்டுவிடும். அவ்வளவுதான்.

சோதனை அரங்கைத் தவிர மற்ற அரங்குகளில் உறுத்தல்மானி கிடையாது. அனுப்பும் பிரதியை யாரும் போட்டுப் பார்ப்பதும் கிடையாது.

முதல் வாரம் கடைகளில் ஆளில்லை. மக்கள் படம் முடிந்து ஒன்றும் பேசாமல் வெளியேறினார்கள் என்று செய்தி வந்தது. வேலை போகும் என்று ஷீபா காத்திருந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாலையில் நடக்கும்போது அவளுக்கே தெரியாமல் சிரிப்பு வந்தது.

இரண்டாவது வாரம் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. மகள் ஜெமிக்கு வயிற்றுவலி. இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

ஷீபா மருத்துவமனைக்குப் போனபோது கணவன் ரூபன் முன்பே வந்திருந்தான். மருத்துவர் ஒரு தட்டைக் காட்டினார். அதில் மடங்கிய மிட்டாய்த் தாள்கள், பென்சில் சீவல், ஒரு பால்பாக்கெட்டின் மூலை.

"வாந்தியில வந்தது. மிச்சம் தானா வெளிய வந்துடும்," என்றார் மருத்துவர். "இந்த வாரம் மட்டும் இது ஆறாவது குழந்தை. என்னன்னே புரியல."

ஜெமி கட்டிலில் சுருண்டு கிடந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மக்ளே, இத ஏன் தின்ன?" ரூபன் குனிந்து கேட்டான்.

"கீழ போட்டா தொந்திக்குத்தான போகும்? அதுக்கு ஏற்கெனவே வயிறு வலிக்குதுப்பா. அதான் நானே..."

"தொந்தியா? அது யாருட்டி?"

"அம்மா எழுதின படம். ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சோறு வேண்டாம். தட்டு கழுவினா அந்தத் தண்ணியும் அதுக்குத்தான் போகும்."

ரூபன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். "என்னத்தட்டி எழுதி வச்சிருக்க?"

ஷீபா அந்தக் கைக்குட்டைக்காரியை நினைத்துத்தான் எழுதியிருந்தாள். அந்த அம்மா இரண்டு நாள் உம்மென்று இருந்திருப்பாள். மூன்றாம் நாள் மறந்திருப்பாள். வாழ்க்கையில் ஒரு பொருளும் தன் இஷ்டத்துக்கு வாங்கியிராத பிள்ளைகள்தான் அந்த உறுத்தலைச் சுமந்துகொண்டு திரிந்தார்கள். அரங்கில் பாதிப்பேர் குழந்தைகள் என்பது ஷீபாவுக்குத் தெரியாததல்ல. நானூறு பேரின் சராசரியைப் பார்த்துப் பார்த்து அவளும் கோட்டையே பார்க்கப் பழகியிருந்தாள்.

ஜெமி அன்று முழுவதும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையும் வாயைத் திறக்கவில்லை. ஊசி வழியே மருந்து ஏற்றினார்கள்.

பத்து மணிக்கு ஷீபா கட்டிலில் ஏறி மகளை மடியில் போட்டுக்கொண்டாள். "தொந்திக்கு வலிக்குதுன்னு உனக்கு யாரு மக்ளே சொன்னா?"

"அது முனகுச்சு."

"அது பசியில முனகுறது. வலி இல்லட்டி. பசிக்குது, அதான் இன்னும் இருக்கான்னு கேக்குது."

ஜெமி தலையைத் தூக்கினாள். "நெசமாவா?"

"நான்தான எழுதினேன்? எனக்குத் தெரியாதா? போடுறதெல்லாம் அதுக்குப் பிடிக்கும்."

ஜெமி எழுந்து உட்கார்ந்தாள். பிறகு ஒரு வாழைப்பழம் கேட்டாள். தின்று முடித்ததும் தோலைத் தானே எடுத்துப் போய்க் குப்பைக்கூடையில் போட்டாள். கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து, "இட்லி இருக்கா?" என்றாள்.

ரூபன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டென்று கேன்டீனுக்கு ஓடினான்.

திங்கட்கிழமை கோதண்டம் அழைத்தார். ஷீபா ராஜினாமாக் கடிதத்தோடு போனாள். அவர் அதை வாங்கவில்லை.

"உக்காரும்மா. பதினோரு வருஷத்துல முதல் தடவையா ஒரு படத்தை முழுசா உக்காந்து பாத்தேன். ரெண்டு நாள் எனக்கே சாப்பாடு எறங்கல." அவர் குரலில் கோபம் இல்லை. மேசையில் தொலைபேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. "எல்லாம் பெத்தவங்க. புள்ளைங்க சாப்பிட மாட்டேங்குதாம், கண்டதையும் தின்னுதாம். ஒரே கேள்விதான் கேக்குறாங்க: முடிவு எங்க? பழைய மழையைப் போட்டுக் காட்டினேன். வேலைக்கு ஆகல. புள்ளைங்க நம்ப மாட்டேங்குதுங்க." அவர் முன்னால் சாய்ந்தார். "உன் பொண்ணுக்கும் அதே தொந்தரவுன்னு கேள்விப்பட்டேன். இப்ப எப்படி?"

"சரியாயிட்டா சார்."

"எப்படி?"

ஷீபா கையில் இருந்த கடிதத்தை மடித்தாள். மறுபடி பிரித்தாள். எழுந்து போய்விடலாம். ஆனால் எத்தனை ஊரில் எத்தனை பிள்ளைகள் பென்சில் சீவலைத் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தொலைபேசி அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

அவள் சொன்னாள்.

கோதண்டம் அதை ஒரு தாளில் எழுதினார். உதடு அசைய வாசித்துப் பார்த்தார். "அதுக்குப் பசி," என்றார் மெதுவாக. "ஒரே வரி. இத்தனை வருஷமா மழையைக் கொட்டிக்கிட்டு இருந்தோமே!"

நான்கே நாளில் புதிய முடிவு எல்லா அரங்குகளுக்கும் போனது. பிள்ளைகள் சாப்பிடத் தொடங்கினார்கள். ஷீபாவுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அவள் ராஜினாமாவை யாரும் ஏற்கவில்லை. அவளும் மறுபடி கொடுக்கவில்லை.

ஒரு மாதத்தில் தொந்திப்பெட்டி கடைகளுக்கு வந்தது. முழங்கால் உயரத்தில் யானை வடிவக் குப்பைத்தொட்டி. எதையாவது போட்டால் காதை ஆட்டும், அரைத்து விழுங்கும். அரை நாள் வயிறு காலியாக இருந்தால் தும்பிக்கையைத் தொங்கப்போட்டு, "பசிக்குது," என்று சொல்லும். மிட்டாய்த் தாள் தின்ற பிள்ளைகள் வீட்டில் இது ஒன்று இருப்பது நல்லது என்று மருத்துவர்களே சொன்னார்கள். ரூபன் வாங்கி வந்து சமையலறை வாசலில் வைத்தான்.

"இது வேண்டாம் ரூபன்."

"பிள்ள சாப்பிடுதுல்லா? பேசாம இரு. நீ எழுதினதே போதும்."

அடுத்த எச்சரிக்கைப் படத்தின் சோதனைக் காட்சியில் பெரியவர்களின் கோடு வழக்கம்போல் ஏறியது. குழந்தைகளின் கோட்டைத் தனியாகப் பிரித்துக் காட்டும்படி ஷீபாதான் கேட்டிருந்தாள். அது மூன்றில் தொடங்கி மூன்றிலேயே முடிந்தது. ஊர் குப்பையில் மூழ்கும் காட்சியில் அவர்கள் கைதட்டினார்கள். கருவி பழுதில்லை என்று அவள் இருமுறை சரிபார்த்தாள்.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது ஜெமி தொந்திப்பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தாள். பெட்டி எதையோ அரைத்துக்கொண்டிருந்தது. தரையில் நீல நிறப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று தெறித்துக் கிடந்தது. ஷீபா அதை எடுத்துப் பார்த்தாள். முந்தின நாள் வாங்கிய பென்சில் பெட்டியின் மூடி.

"மக்ளே, இது புதுசுல்லா?"

"ஆமா." ஜெமி அம்மாவின் கையிலிருந்து மூடியை வாங்கி உள்ளே போட்டாள். யானை காதை ஆட்டியது. "பழசு போட்டா சீக்கிரம் பசிச்சுடுது. புதுசுன்னா ரொம்ப நேரம் சும்மா இருக்கும்."

அவள் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தாள். கன்னம் பழையபடி உப்பியிருந்தது. கண்ணில் ஒரு துளிக் கலக்கமும் இல்லை. ஷீபாவின் தோளில் தொங்கிய பையை அவள் ஆவலாகப் பார்த்தாள்.

"இன்னிக்கு என்னம்மா வாங்கிட்டு வந்த அதுக்கு?"