அவனுக்கு மட்டும் பெருசா?

வீட்டில் எல்லோரும் அவளை மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போதும் மூக்கு நுனியில் கோபம். இன்று கோபத்தோடு பொறாமையும் சேர்ந்துகொண்டது. கேட்க வேண்டுமா!

பெரியப்பா நூலகத்தில் வேலை பார்க்கிறார். புத்தகங்களுக்கு லேபிள் எழுதி எழுதி, அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பள்ளி திறந்ததும் பிள்ளைகளின் நோட்டுகளுக்கும் அவர்தான் பெயர் எழுதுவார். இன்றும் எழுதினார். முதலில் தம்பி வாண்டுவுக்கு ஐந்து, பிறகு மிளகாய்க்கு ஐந்து.

"அவன் பேரு மட்டும் இவ்ளோ பெருசு! என் பேரு எறும்பு சைஸ்ல இருக்கு. உங்களுக்கு அவன்தான் செல்லம்!"

"அப்படியெல்லாம் இல்ல கண்ணு" என்றார் பெரியப்பா. முகத்தில் சிரிப்பே இல்லை.

"என்னைத்தான் அவருக்குப் பிடிக்கும்!" என்று வாண்டு பழிப்புக் காட்டினான்.

மிளகாய்க்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்து உளவு பார்க்க ஆரம்பித்தாள். வாண்டுவைப் பார்த்து எத்தனை சிரிப்பு, தன்னைப் பார்த்து எத்தனை?

மூன்றாம் நாள் வாண்டு தலைகீழாக நின்று கூத்தடித்தான். "பிரமாதம்டா" என்றார் பெரியப்பா. முகம் அசையவில்லை. ஆக, வாண்டுவுக்கும் பூஜ்யம்! மிளகாய்க்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது.

அவர் கடைக்குக் கிளம்ப, பின்னாலேயே போனாள். இடது கை வீசி வீசிப் போனது. வலது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் அந்தக் கையின் கட்டைவிரல் தானாக நடுங்கியது.

இந்தக் கையால்தானே பெயர் எழுதினார்! பத்து நோட்டுகளையும் எழுதிய வரிசையில் தரையில் பரப்பினாள். முதல் பெயர் பெரிது. அடுத்தது கொஞ்சம் சிறிது. வாண்டுவின் ஐந்தாவது நோட்டிலேயே எழுத்து சுருங்கியிருந்தது. மிளகாயின் பெயர் கடைசியில் வந்தது, அவ்வளவுதான்.

"பெரியப்பா, உங்க வலது கை வீசவே மாட்டேங்குது. எழுத்தும் போகப் போகச் சின்னதாகுது. டாக்டர்கிட்ட போலாமா?"

"வயசாகுதுல்ல கண்ணு."

"அப்போ இடது கைக்கு மட்டும் வயசாகலையா?"

பெரியப்பா தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் எல்லோரும் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். "இது பார்க்கின்சன் நோய் மாதிரி தெரியுது. மூளை அனுப்புற சேதி கைக்கும் முகத்துக்கும் சரியாப் போய்ச் சேரல. முழுசாப் போகாது. ஆனா மாத்திரையும் பயிற்சியும் இருந்தா நல்லாவே சமாளிக்கலாம். யாரு கவனிச்சது?"

"நான்தான்" என்றாள் மிளகாய். "பொறாமையில பார்த்தேன்." பிறகு மெதுவாகக் கேட்டாள். "பெரியப்பா, என்னைப் பார்த்துச் சிரிக்கவே இல்லையா?"

"சிரிச்சேனே கண்ணு! முகத்துக்குத்தான் வந்து சேரல."

மிளகாய் அவர் வலது கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் புது லேபிளில் அகலமாக இரண்டு கோடு போட்டாள். "மேல் கோட்டையும் கீழ் கோட்டையும் தொட்டு எழுதுங்க. அவசரமே இல்ல."

பெரியப்பா ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். அவள் பெயர் லேபிள் முழுக்க நிறைந்தது.

"அவளுக்கு மட்டும் பெருசா?" என்று வாண்டு பின்னாலிருந்து அலறினான்.

மிளகாய்க்கு வயிறு குளிர்ந்தது.