இண்டு இடுக்கு விடாமல்

"எங்க அண்ணனே என்னைப் புகை போட்டு விரட்டறாரு சார்" என்று சொல்லிவிட்டு, அழுகையை விழுங்கிக்கொண்டு தங்கை நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊரே நிதானம் என்று கூப்பிடும் துப்பறிவாளர் அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தார். முந்திரிக்கொட்டை என்ற பட்டம் சுருங்கி முந்திரியாகிப்போன அவருடைய மைத்துனனோ, அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

தங்கை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அப்பா போன பிறகு அண்ணன் செங்கல் வைத்து மூடிவிட்ட, குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பை மறுபடி திறக்க வேண்டும். அவளுடைய சின்ன வயது முழுக்க அந்த நெருப்புக்கு எதிரில்தான் கழிந்தது. ஈரக் காலுறைகள் காயும், அப்பா செய்தித்தாளுக்குள்ளேயே தூங்கிப்போவார், அண்ணனும் அவளும் ஆரஞ்சுத் தோலைக் கனலில் போட்டு வாசனை பிடிப்பார்கள்.

"கரி பிடிச்ச சமாச்சாரம் எதுக்குன்னு அண்ணன் முணுமுணுத்தாரு. அப்புறம் அவரே பைப் ஃபிட்டரைக் கூட்டிட்டு வந்தாரு. பழைய செங்கல் புகைக்கூண்டு வெடிச்சிருக்குன்னு அதுக்குள்ள புதுசா ஸ்டீல் குழாய் இறக்கினாங்க. ஏணியும் குழாயும் உள்ள வந்து போக, கதவெல்லாம் திறந்து கிடக்க, அன்னிக்கு ஜம்முனு எரிஞ்சுது சார். கொஞ்ச நாள்லயே புகை ரூமுக்குள்ள வர ஆரம்பிச்சுது. நேத்து மயங்கியே விழுந்துட்டேன். அண்ணிதான் வாசக்கதவைத் திறந்து வெளிய இழுத்துப் போட்டாங்க. திரும்பி உள்ள போனா புகையே இல்ல! எனக்கே நான் பொய் சொல்ற மாதிரி இருந்துச்சு."

"எப்பவுமே புகை வருமா?"

"இல்ல, சாயங்காலம். அண்ணி சமையல் ஆரம்பிக்கற நேரம். அந்தப் புது எக்ஸாஸ்ட் ஃபேன் போடற சத்தத்துல நான் இருமறதுகூட அவங்களுக்குக் கேக்காது."

"அண்ணன் மேல சந்தேகம் எப்படி வந்துச்சு?"

"போன்ல பேசினதை என் காதால கேட்டேன். 'அடைச்சாச்சு, இண்டு இடுக்கு விடல, அவளுக்குத் தெரிய வேண்டாம்'னாரு. நாளைக்குக் கிளம்பறேன் சார். இனி அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். அதுக்கு முன்னாடி எனக்கு உண்மை தெரியணும்."

"அண்ணன்காரன்தான் அத்தான்!" என்றான் முந்திரி. நிதானம் குடையை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் போனதும் வாசல் கதவு புட்டி மூடியைப் போல இறுக்கமாகச் சாத்திக்கொண்டது. நிதானம் அதை இன்னொரு முறை திறந்து மூடிப் பார்த்தார். முந்திரி கூரை ஏறிவிட்டு, தலையெல்லாம் தூசியோடு ஏமாற்றமாக இறங்கி வந்தான். புகைபோக்கியில் குருவிக் கூடுகூட இல்லையாம். கணப்புக்குள் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் குழாயின் உச்சியில் வானம் தெரிந்தது.

வரவழைக்கப்பட்ட ஃபிட்டருக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஒவ்வொரு குழாயோட குறுகின முனையும் கீழ் குழாய்க்குள்ள இறங்கியிருக்கு, பாருங்க. புகைத் தாரு வழிஞ்சாலும் உள்ளயேதான் வழியும். கூரை மரத்துக்கும் குழாய்க்கும் நடுவுல இடைவெளி விட்டிருக்கேன். உச்சி கூரை முகட்டைத் தாண்டி நிக்குது. என் வேலையில என்ன குத்தம்?"

"ஒண்ணுமில்ல" என்றார் நிதானம். எல்லாரையும் கணப்பைச் சுற்றி உட்காரவைத்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை அவர் பக்கம் திரும்பவே இல்லை.

நிதானம் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, ஊதி அணைத்து, கணப்பின் வாயருகே பிடித்தார். புகை நூல் சமர்த்தாக மேலே ஏறியது. "கொஞ்சம் ஃபேனைப் போடுங்கம்மா" என்று அண்ணியிடம் சொன்னார். சமையலறையில் இரைச்சல் கிளம்பியதும் அந்த நூல் வளைந்து அறைக்குள் வந்து, சமையலறைப் பக்கமாக நகர்ந்தது. முந்திரி வாயைப் பிளந்தான்.

"ஃபேன் வீட்டுக் காத்தை வெளிய தள்ளுது. அதுக்கு ஈடா வெளிக்காத்து எங்கேயாவது உள்ள வரணும். வேற வழியே இல்லன்னா புகைபோக்கி வழியா இறங்கும், புகையையும் கூட்டிக்கிட்டு. கண்ணுக்குத் தெரியாத விஷக்காத்தும் சேர்ந்தே வரும். நேத்து கதவு திறக்கலன்னா உங்களை எழுப்பியிருக்க முடியாதும்மா." அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். புகை நூல் மறுபடி குழாயைத் தேடிப் போனது.

"அடைச்சாச்சுன்னு கேட்டதும் புகைபோக்கியைத்தான்னு நினைச்சுட்டீங்க. ஐயா, நீங்க எதை அடைச்சீங்க?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். "கதவு, ஜன்னல், தரை இடுக்கு, எல்லாத்துக்கும் ரப்பர் பட்டை ஒட்டச் சொன்னேன். வேலை முடிஞ்சுதான்னு கடைக்காரன்தான் போன் பண்ணினான். செலவு பண்ணினேன்னு தெரிஞ்சா இவ சண்டைக்கு வருவா." தங்கையைக் கையால் காட்டினார். "சின்னதுல கதவுக்கடியில வர்ற காத்துல இவதான் உக்காருவா. குளிர் காலம் முழுக்க இருமல். அப்பா சாக்கைச் சுருட்டி அடைப்பாரு, அம்மா வந்து எடுத்துடுவாங்க. பிள்ளை இருமுது, இவங்களுக்கு இரக்கமே இல்லையான்னு அம்மாகிட்ட நான் கத்தியிருக்கேன்."

"அந்தச் சாக்கை எடுக்கலன்னா அன்னிக்கே நீங்க எல்லாரும் மயங்கியிருப்பீங்க" என்றார் நிதானம் மெதுவாக.

ஃபிட்டர், வெளிக்காற்றை நேராகக் கணப்புக்குக் கொண்டுவர ஒரு தனிக் குழாய் போட்டுத் தருவதாகவும், விஷக்காற்றுக்குக் கத்தும் அலாரம் ஒன்றை மாட்டுவதாகவும் சொன்னார். அதுவரை நெருப்பு எரிந்தால் ஃபேன் கூடாது, ஜன்னல் ஒரு விரல்கடை திறந்திருக்க வேண்டும்.

அவர்கள் போன பிறகு தங்கை மூட்டிய நெருப்பு சடசடத்தது. ஜன்னல் சந்தில் குளிர் ஊசியாக வந்தது. அண்ணன் தன் நாற்காலியைத் தூக்கி அந்தச் சந்துக்கு நேராகப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"எழுந்திரு அண்ணா, உனக்கு மூட்டு வலி. அங்க நான் உக்காந்துக்கறேன்."

"அத்தனை வருஷம் நீ உக்காந்தது போதும். பேசாம நெருப்பைப் பாரு."

தங்கைக்குக் கண் கலங்கியது. இந்த முறை அதற்குப் புகை காரணமில்லை.