காட்டிக்கொள்ளாத கோழி

புளித்த வாடை முதலில் கொல்லைக் கதவருகில் வந்தது. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். ஈரமண், எச்சம், நனைந்த மரத்தூள் எல்லாம் கலந்த பழகின மணத்துக்கு அடியில், மூடி வைத்து மறந்துபோன மாவைத் திறந்தாற்போல, மூக்கைத் தொட்டும் தொடாமலும் ஒரு புளிப்பு. அவள் கையிலிருந்த தீவனக் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியை முகர்ந்தாள். தன் உடுப்பைக்கூட ஒருதரம் முகர்ந்துவிட்டு, இது ஏதோ ஒரு கோழியின் வாயிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டினாள்.

தெருவில் யார் வீட்டுக் கோழி தும்மினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கோழி டாக்டரம்மா என்று பட்டப்பெயர். கிண்டலாக வைத்ததுதான்; சளி முற்றி மூக்கடைத்துக் கிடந்த பெட்டைகளை ஆவி காட்டியும் துடைத்துவிட்டும் அவள் எழுப்பி நடக்கவிட்ட பிறகு கிண்டல் போய்ப் பெயர் மட்டும் நின்றது. அந்த வைத்தியம் படித்து வந்ததில்லை, பார்த்துப் பார்த்து வந்தது. கோழி மகா அழுத்தக்காரப் பிறவி. உடம்புக்கு முடியவில்லை என்று காட்டிக்கொண்டால் மற்றவை கொத்தித் தள்ளிவிடும் என்று அதற்குத் தெரியும். அதனால் கூட்டத்தோடு ஓடும், கூட்டத்தோடு குனியும், அலகால் தரையைத் தட்டும்; ஒரு மணிகூட உள்ளே போயிருக்காது. கண்ணை ஏமாற்றலாம், விரலை ஏமாற்ற முடியாது. கூண்டில் அடைந்த பிறகு கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டால், தின்ற கோழிக்கு அது குண்டாக நிறைந்திருக்கும். விடிந்தால் வற்றியிருக்க வேண்டும். வற்றாமல் தங்கிப் புளித்தால் இந்த வாடைதான் வரும்.

கூண்டுக்குள் கையை விட்டு, கம்பில் ஒட்டி உட்கார்ந்திருந்த உடம்புகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். சண்டைக்காரி கொத்த வந்தது. மொட்டைவால் தூக்கத்தில் முனகியது. எல்லாம் சூடு, எல்லாம் நிறைவு. கம்பின் கடைசியில், மற்றவை விட்டிருந்த இடைவெளிக்கு அப்பால், சீமாட்டி தனியாக இருந்தது. நடையில் ஒரு மிடுக்கு இருந்ததால் அவள் புருஷன் வைத்த பெயர். அதன் தீனிப்பை நிறைந்துதான் இருந்தது. ஆனால் சில்லென்று இருந்தது. இறகுக்கு அடியில், தோலில், எங்கேயும் சூடு இல்லை.

"என்ன டாக்டரம்மா, ரவுண்ட்ஸ் முடிஞ்சுதா?"

வீட்டுக்குள்ளிருந்து அவர் கேட்டார். தினமும் இந்த நேரத்துக்கு இதே கேள்வி. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷர்; தெருவுக்கெல்லாம் இன்றைக்கும் அவர் டிரைவர்தான். காய்ச்சலோடு வண்டி எடுத்திருக்கிறார், கால் வீங்கியும் எடுத்திருக்கிறார், ஒருநாளும் உஸ் என்று உட்கார்ந்ததில்லை. சில வாரங்களுக்கு முன்னால் சுவரில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவரைப் பார்த்து அவள் பதறினபோதுகூட, "வாயுடி, வேற என்ன. நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்று சிரித்தார். அப்புறம் ராத்திரியெல்லாம் இருமினார். இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். ஒருநாள் இருமல் சட்டென்று நின்றுபோனது. கோழிக்கு மட்டுமில்லை, மனுஷனுக்கும் என் வைத்தியம் பலிக்குது என்று பக்கத்து வீட்டில் பெருமை அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கும் நல்ல தூக்கம்.

"சீமாட்டிக்குத்தாங்க உடம்பு சரியில்ல" என்றாள்.



சீமாட்டியைப் பிரித்து ஓர் அட்டைப்பெட்டியில் பழைய துண்டு விரித்து நடுக்கூடத்து மூலையில் வைத்தாள். தீனியை நிறுத்தினாள். சொட்டு மருந்துக் குழாயால் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, தீனிப்பையை உள்ளங்கையில் தாங்கி மெல்லப் பிசைந்துவிட்டாள். உள்ளே மணிகள் ஒன்றோடொன்று உரசின, ஊறவில்லை, உருகவில்லை. குளுக்கோஸ் கரைத்து ஊற்றினால் அலகின் ஓரத்தில் அப்படியே வழிந்தது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்தாள். பாட்டில் ஆறியதே தவிர கோழி சூடேறவில்லை. ஆனாலும் அது நின்றது. கழுத்தை நிமிர்த்தி, பழைய மிடுக்கோடு நின்று, ஒன்றுமில்லாத அட்டையைக் கொத்தியது. டக். கொஞ்சம் பொறுத்து, டக். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் தூங்கினாள். தெம்பு இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்தான். அவளைவிட இளையவன், நல்லவன், மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிடும் வாய். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, "டாக்டரே மருந்து கேட்டு அனுப்பினா நாங்க எங்க போறது?" என்று கேலி பேசிக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டான். கேலி நின்றது. கோழியைத் தூக்கி விளக்கடியில் பிடித்தான். கொண்டை கறுத்து ஓரங்களில் காய்ந்திருந்தது. கட்டைவிரலால் இமையை நீக்கினான்.

"அக்கா..."

"என்னப்பா?"

"இதுக்கா மருந்து கேட்டீங்க? இது செத்துப் போச்சுக்கா. ரெண்டு நாளாச்சும் ஆயிருக்கும்."

"போடா, விளையாடாத. இப்பதானே கொத்திக்கிட்டிருந்துச்சு. நீ வாசல்ல வரும்போதுகூடச் சத்தம் கேட்டுதே."

கேட்கத்தான் கேட்டது. அவனுக்கும் கேட்டிருந்தது; அது அவன் முகத்தில் தெரிந்தது. அவன் சொல்லி வாய் மூடுவதற்குள், நிமிர்ந்திருந்த கழுத்து அவன் கைமேல் தொங்கிவிட்டது. கால்கள் விறைத்தன. இமைக்குள்ளிருந்து ஓர் எறும்பு வெளியே வந்து, வழி தெரியாமல் நின்று, திரும்ப உள்ளே போனது. கூடம் முழுக்கப் புளிப்பு எழுந்தது.

அவன் அதைச் சாக்கில் போட்டுக் கட்டினான். தூரமாகக் கொண்டுபோய்ச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுகிறேன், மற்றதுகளுக்குத் தண்ணீரில் கலக்க மருந்து எடுத்துக்கொண்டு இருட்டினதும் வருகிறேன் என்றான். கை கழுவும்போது உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"அண்ணன் படுத்திருக்காரா? ரொம்ப நாளாச்சு பாத்து. வரும்போது பாத்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறேன்."

அவன் போன பிறகு அவள் பெட்டியை எரித்தாள். தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். துண்டைக் கொதிநீரில் அமுக்கினாள். கையை நகக்கண் வரைக்கும் தேய்த்துவிட்டு, கதவு ஜன்னலெல்லாம் திறந்து வைத்துக் காற்றுக்குக் காத்து நின்றாள். காற்றும் வந்தது, ஈரமண் வாசனையும் வந்தது, அதற்கு அடியில் அந்தப் புளிப்பு அசையாமல் இருந்தது. கொல்லைக்குப் போனாள், அங்கே குறைந்தது. கூண்டருகில் இல்லவே இல்லை. கதவருகில் லேசாக. கூடத்தில் அதைவிடக் கூட. வீட்டுக்குள் வர வர அது வளர்ந்தது.

அவளுக்குக் கொல்லைத் தட்டு ஞாபகம் வந்தது. அவர் மிச்சம் வைக்கும் சோற்றை அதில்தான் கொட்டுவாள். கொஞ்ச நாளாகவே நிறைய மிச்சம். வயசாச்சு, பசி குறைந்துவிட்டது என்று விட்டுவிட்டாள். உருண்டை உருண்டையாகக் கிடக்கும் அந்தச் சோற்றைக் கோழிகள் தொடுவதில்லை. சுற்றிக்கொண்டு போகும். முன்பெல்லாம் அவர் கொல்லைக்கு வந்தால் காலடியில் வந்து மொய்க்கிற கோழிகள், இப்போது வேலியோரம் போய் ஒன்றாக நின்றுகொண்டு பார்க்கும். "உங்க மேல என்ன கோவம் இதுகளுக்கு?" என்று அவள் சிரித்திருக்கிறாள்.

"பசிக்குது, சாப்பாடு போடுறியா?" என்றபடி அவர் வந்து உட்கார்ந்தார். அதுவும் தினமும் கேட்பதுதான்.

போட்டாள். எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் பரிமாறிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். இன்றைக்குப் போகவில்லை. கம்பில் உட்கார்ந்த கோழியைப் பார்ப்பதுபோல, கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

அவர் பிசைந்தார். உருட்டினார். வாய்வரை கொண்டுபோனார். உதடு திறந்து மூடியது. தாடை அசைந்தது. உருண்டை திரும்பத் தட்டில் இறங்கியது. விரல் நுனி தட்டில் இடித்தது. டக். அடுத்த உருண்டை. டக். தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. எதுவும் ஏறவுமில்லை. சட்டைப் பொத்தான்கள் ஒரே இடத்தில் நின்றன. மூச்சுக்கு ஏறி இறங்க வேண்டிய பொத்தான்கள். உதடு கறுத்திருந்தது. ஓரங்களில் காய்ந்திருந்தது.

"காலர் மடங்கியிருக்குங்க" என்று எழுந்து போய், சரி செய்கிற சாக்கில் கழுத்தில் கை வைத்தாள்.

சில்லென்று இருந்தது.

அவள் கத்தவில்லை. கத்தல் தொண்டைவரை வந்தது, விழுங்கினாள். எத்தனை நாள்? இருமல் நின்ற அன்றைக்கா? அன்று ராத்திரி பக்கத்தில் படுத்து நிம்மதியாகத் தூங்கினாளே. தெருக்கோழிக்கெல்லாம் விரல் வைத்துப் பார்த்தவள், கட்டினவரை ஒருதரம் தொட்டுப் பார்க்கவில்லையே. இந்த மனுஷர் யாருக்குப் பயந்து மறைத்தார்? அவரை யார் கொத்தப் போகிறார்கள்? பிள்ளை இல்லை, வேறு நாதி இல்லை. நான் போயிட்டா நீ யாரை அதட்டுவ என்று வேடிக்கையாகக் கேட்பார். அவளைத் தனியாக விட மனசில்லாமல், வலியை மறைத்ததோடு நிற்காமல், இதையும் மறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். அழுகை பொங்கியது. அழக்கூடாது. அழுதால் அது சொன்னதாகிவிடும்.

கம்பவுண்டர் சொன்னதும்தானே சீமாட்டி விழுந்தது. அதுவரைக்கும் நின்றதே. சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நின்றிருக்கும்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்றாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். சோற்றை வைத்தாள். அவர் பிசைந்தார். இப்படியே இருக்கலாம். ஜன்னலைச் சாத்திவிட்டு, யாரையும் உள்ளே விடாமல், தினமும் சமைத்து, தினமும் கொட்டி. அவளால் முடியும். வாடை பழகிவிடும்.

வேலியில் சைக்கிள் சாயும் சத்தம் கேட்டது.

"அக்கா!"

அவள் ஓடினாள். கதவை ஒருக்களித்து, அந்த இடைவெளியில் தன் உடம்பை வைத்து அடைத்துக்கொண்டாள். கம்பவுண்டர் மருந்துப் பாட்டிலை நீட்டினான்.

"ஒரு குடத்துக்கு ஒரு மூடி ஊத்துங்க. அண்ணன் எங்க?"

"சாப்பிடுறாருப்பா."

"சாப்பிடட்டுமே. தலையக் காட்டிட்டுப் போயிடறேன்."

"வேணாம்ப்பா. நாளைக்கு வா."

"என்னக்கா இது, கதவப் புடிச்சுக்கிட்டு... ஏதாவது பிரச்சனையா?" அவன் மூக்கு சுருங்கியது. "அந்த வாடை இன்னும் போகலையே."

"போயிடும். நீ கிளம்பு."

அவளுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"யாரு அது வாசல்லயே நிக்கிறது? உள்ள வாப்பா."

விருந்தாளி வந்தால் உட்கார்ந்திருக்கத் தெரியாத மனுஷர். செருப்பில்லாத பாதங்கள் தரையில் இழுபட்டு வந்தன. மெதுவாக. கூடத்தைக் கடந்து. அவள் கதவை இழுத்துச் சாத்தப் பார்த்தாள். கம்பவுண்டரின் கை கதவில் இருந்தது. பாதங்கள் அவளுக்குப் பின்னால் வந்து நின்றன. பிடரியில் குளிர். மூச்சுக்காற்று இல்லை. வெறும் குளிர்.

கம்பவுண்டர் நிமிர்ந்து அவள் தோளுக்கு மேலே பார்த்தான். முகம் வெளுத்தது. பார்த்தான். இன்னும் பார்த்தான். அவன் வாய் திறந்தது.

பாட்டில் விழுந்து உடைந்தது. அவள் இரண்டு கையாலும் அவன் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதப்பா. உன் கால்ல விழறேன். சொல்லாத."

அவன் கண்கள் பிதுங்கின. அவளைப் பார்க்கவில்லை. அவள் உள்ளங்கைக்குள் அவன் உதடுகள் சூடாக, ஈரமாக, அந்த வார்த்தையை உருட்டிக்கொண்டிருந்தன. அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். உதடுகள் அசைவதை நிறுத்தவில்லை.

அவள் முதுகில் ஒரு பாரம் வந்து சாய்ந்தது. முதலில் நெற்றி. அப்புறம் மார்பு. அப்புறம் முழு உடம்பும், கொஞ்சம் கொஞ்சமாக, அவள்மேல். கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, கையை எடுக்காமல், அவள் விழாமல் நின்றாள்.