விடாம வாசி, மாப்ள

கம்பியை உள்ளங்கையால் அமுக்கிய பிறகும் சத்தம் நிற்கவில்லை.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை, ஒரு மூச்சு விடும் நேரம்தான். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி அவன் கைக்கு அடியில் அசையாமல் கிடந்தது. ஆனால் அவனுடைய வெறுங்காலுக்குக் கீழே, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு அடித்திருந்த மேடைப் பலகைகளுக்குள், அதே சத்தம் இன்னும் கொஞ்ச தூரம் ஓடி, யாரோ வாயைப் பொத்திக்கொண்டது போல நின்றது.

"என்ன மாப்ள, பேயறஞ்ச மாதிரி நிக்கற?" அரங்கத்தின் நடுவில் சவுண்ட் மிக்சருக்குப் பின்னால் நின்ற மச்சான், அவன் அக்காவின் புருஷன், கேட்டான்.

"ஒண்ணுமில்ல மச்சான்."

ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வேறு ஏதாவது சொல்லிவிட்டால், அது சாயங்காலத்துக்குள் குழு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். அவனுக்குக் குழுவில் வைத்த பெயரே சுண்டெலி. போன வருஷம் ஒரு கச்சேரிக்கு முன்னால் மச்சான் ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு, "என்னைக் காப்பாத்துடா" என்று முனகி, உள்ளிருந்து தட்ட, இவன் மேடையிலிருந்து குதித்து ஓடியதில் கிட்டாரின் கழுத்து முறிந்தது. டிரம்ஸ்காரர் அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். பாடகர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ மேடையை விட்டு ஓடின, பேஸைக் கீபோர்டுலயே வாசிச்சுக்குவோம். நீ வீட்லயே இரு" என்று மட்டும் சொன்னார்.

இன்றைக்குத்தான் அவன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நாள். அரங்கம் எல்லாருக்கும் புதிது. அரங்க மேனேஜர் போனிலேயே சொல்லியிருந்தார்: "பேஸுக்குப் பெட்டி எதுவும் தூக்கிட்டு வராதீங்க. மேடைக்கு அடியிலயே பெருசா இருக்கு. ஒயரைச் சொருகினா போதும்." முதுகுவலிக்காரனான மச்சானுக்கு அதைக் கேட்டதும் சந்தோஷம் தாங்கவில்லை. நாலு பேர் தூக்கும் பெரிய பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். மத்தியானம் வந்த மேனேஜர், பலகையில் பதித்திருந்த துளையைக் காட்டி, "இதுலதான்" என்று சொல்லிவிட்டு, உட்காராமல் கிளம்பினார். நின்று ஒரு சத்தமாவது கேட்டுவிட்டுப் போயிருக்கலாம், மனுஷன் வாசல்வரை வேகவேகமாக நடந்தார்.

குறையே சொல்ல முடியாத சத்தம். அடிவயிற்றில் கை வைத்துத் தள்ளுவது போல அப்படி ஒரு கனம். ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. தடித்த கம்பியைத் தட்டும்போதெல்லாம் எங்கேயோ ஒன்று ஜர்ர் என்று அதிர்ந்தது.

புது இடத்தில் இது சகஜம். கண்டுபிடிக்கும் வழியும் சுலபம். ஒருத்தன் அதே ஸ்வரத்தை விடாமல் வாசிக்க வேண்டும், இன்னொருத்தன் படி, கைப்பிடி, கதவு என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அதிர்கிற பொருளின் மேல் கை பட்டதும் ஜர்ர் நின்றுவிடும். மச்சான் அரை மணி நேரம் கை வைக்காத இடமில்லை. திரைச்சீலைக் குழாயைக்கூட ஏணி போட்டுப் பிடித்துப் பார்த்தான். ஜர்ர் அதன் பாட்டுக்கு அதிர்ந்துகொண்டிருந்தது.

"அடியிலதான்டா இருக்கு," என்று அவன் மேடையின் பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவைத் திறந்தான். இடுப்பளவு உயரம், வெளியே ஒரு இரும்புக் கொக்கி. திறந்ததும் உள்ளிருந்து காற்று வந்தது. விடுமுறை முழுக்கத் திறக்காமல் விட்ட டிபன் பாக்ஸின் வாடை. அதைவிட, அந்தக் காற்று சூடாக இருந்ததுதான் சுண்டெலிக்குப் பிடிக்கவில்லை.

"மச்சான், மேனேஜர் வந்தப்புறம் பாத்துக்கலாமே."

"பயமா இருக்கா? வேணும்னா வெளிய போய் நின்னுக்கோ." மச்சான் கண்ணடித்தான். மிக்சரில் குறிக்க ஒட்டும் மஞ்சள் டேப்பில் ஒரு துண்டு எப்போதும் போல அவன் ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்தது. கார்ட்லெஸ் மைக்கை இடுப்பில் செருகி, டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தான். "நான் சொல்றது மேடை மேல உன் காலடியில வெச்சிருக்கற சின்ன ஸ்பீக்கர்ல கேக்கும். நீ விடாம வாசி, மாப்ள. க்ஹும்." பேச்சின் முடிவில் தொண்டையைச் செருமுவது அவன் வழக்கம். அக்காவுக்கு அது ஆகவே ஆகாது. காலையில்கூட ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: "அந்த இருமலுக்கு மருந்து வாங்கிக் குடுடா. பத்திரமா கூட்டிட்டு வந்துடு, எனக்கு இருக்கறது நீங்க ரெண்டு பேர்தான்."

மச்சானின் கால்கள் இருட்டுக்குள் போய் மறைந்தன. சுண்டெலிக்கு அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. மெல்ல இறங்கிப் போய், கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டினான். பத்து நிமிஷம் தவிக்கட்டுமே, எத்தனை நாள்தான் நானே பயந்து சாவது? மனசுக்குள் சிரித்துக்கொண்டே மேடைக்குத் திரும்பி, தடித்த கம்பியைத் தட்டினான்.

காலடி ஸ்பீக்கரில் மச்சான் குரல் வந்தது. "ஹலோ, கேக்குதா? உள்ள நல்லா உசரமா இருக்குடா. நிமிந்து நடக்கறேன்."

மேடையே இடுப்பளவு உயரம்தான். ஆரம்பிச்சுட்டான், என்று நினைத்துக்கொண்டான்.

"ஸ்பீக்கரைக் காணோமே மாப்ள. ஒண்ணுகூட இல்ல. உன் ஒயர் வருது, நேரா வருது, தரையில ஒரு பள்ளத்துக்குள்ள இறங்குது. அப்ப சத்தம் எங்கேர்ந்துடா வருது?"

"கதை விடாத மச்சான்!" பலகையைப் பார்த்துக் கத்தினான். கூலிங் மெஷின் ஓடாத அரங்கத்தில் அவன் குரல் காலி நாற்காலிகளின் மேல் போய் விழுந்தது. கடைசி வரிசை இருட்டில் வெளியே போகும் வழியைக் காட்டும் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. பாடகரும் டிரம்ஸ்காரரும் சாப்பிடப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வெயில் நேரம், பட்டப்பகல், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அரங்கத்துக்குத்தான் ஜன்னலே இல்லை.

"விடாம வாசி, மாப்ள. க்ஹும். கிட்ட வந்துட்டேன்."

வாசித்தான். ஒவ்வொரு தட்டுக்கும் பலகை அவன் உள்ளங்காலில் முட்டியது. ஜர்ர். ஜர்ர். ஜர்ர்.

நின்றுவிட்டது.

"கை வெச்சுட்டியா மச்சான்?"

"நான் எங்கயும் கை வெக்கலடா."

பிறகு, தணிந்த குரலில்: "மாப்ள, நிறுத்து."

"நிறுத்துடா. இங்க ஆளு இருக்கு."

"டேய், நிறுத்துடா! கதவு, கதவைத் திற!"

போன வருஷமும் இப்படித்தான் ஆரம்பித்தது. அப்போதும் இதே நடுக்கம், இதே மூச்சு வாங்கல். சுண்டெலிக்கு முகமெல்லாம் சூடேறியது. இந்தத் தடவை முடியாது மச்சான். கால்களை அகட்டி ஊன்றி, கிட்டாரின் சத்தம் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருகினான். "கத்து மச்சான், நல்லாக் கத்து! யாரு ஓடறான்னு பாப்போம்!" கம்பியை வெறி பிடித்தவன் போலத் தட்டினான். உண்மையைச் சொன்னால், பல மாதங்களுக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக இருந்தான். ஸ்பீக்கரில் நகம் கீறும் ஒலி, ஏதோ இழுபடும் ஒலி, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு அவனுடைய சத்தம் எழுந்தது. அடியில் யாரோ பலகையை அறைந்தார்கள். அவன் பதிலுக்குக் குதிகாலால் அறைந்தான்.

அப்போது அந்த வார்த்தை கேட்டது. "அவகிட்ட சொல்லுடா... உங்க அக்காகிட்ட..."

விரல் நின்றது.

மச்சான் எதை வைத்தும் விளையாடுவான். அக்காவை வைத்து மட்டும் விளையாடியதே இல்லை.

கம்பி ஓய்ந்த அமைதியில், ஸ்பீக்கரில் அல்ல, பலகைக்கு நேர் கீழே, அலறல். மனிதன் மூச்சை இழுக்க நிறுத்தித்தான் ஆக வேண்டும். இது நிறுத்தவில்லை.

"மச்சான்!"

மேடையிலிருந்து குதித்தான். கிட்டார் கழுத்தில், ஒயர் பின்னால். கதவுக்கு முன்னால் மண்டியிட்டான். கொக்கியில் கை வைத்தான். இரும்பு சுட்டது.

கதவுக்கு மறுபுறம், வெகு அருகில், யாரோ நின்றார்கள்.

"மச்சான்? நீயா?"

"விடாம வாசி, மாப்ள. க்ஹும்."

அப்பாடா என்று உயிர் வந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கொக்கியைத் தூக்கப் போனான்.

"விடாம வாசி, மாப்ள. க்ஹும்."

அதே குரல். அதே இழுப்பு. அதே செருமல்.

"விடாம வாசி, மாப்ள. க்ஹும்."

அந்தக் குரல் கதவருகே பேசிக்கொண்டிருக்கும்போதே, தூரத்தில், மேடையின் நடுவுக்கு அடியில், மச்சான் அலறிக்கொண்டிருந்தான்.

கொக்கி அவன் விரலில்தான் இருந்தது. தூக்கினால் போதும். திறந்து, உள்ளே கை நீட்டி, மச்சானைப் பேர் சொல்லி அழைக்கலாம். ஆனால் தூக்கினால் முதலில் வெளியே வருவது மச்சானாக இருக்காது.

கையை எடுத்தான்.

அவன் ஓடவில்லை. எங்கே ஓடினாலும் அந்த அலறல் கூடவே வரும் என்று தோன்றியது. மேடை ஏறினான். அதே இடத்தில் போய் நின்றான். கண்ணை மூடிக்கொண்டு தடித்த கம்பியைத் தட்டினான். தட்டினால் அலறல் கேட்கவில்லை. அவனுக்கு அது போதுமாக இருந்தது. ஒரு தட்டு அடங்குவதற்குள் அடுத்த தட்டு. இடையில் துளி இடம் விடாமல். விரல் நுனி கிழிந்து கம்பி வழுக்கியது. விடவில்லை. "மன்னிச்சுடு மச்சான், மன்னிச்சுடு மச்சான்" என்று உதடு முணுமுணுத்தது. அதுவும் அவன் காதில் விழவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அரங்கத்தின் கதவு திறந்து, பாடகரும் டிரம்ஸ்காரரும் உள்ளே வந்தார்கள்.

"அட, பிரமாதம்!" பாடகர் கை தட்டினார். அவர் அவனைப் பார்த்துக் கை தட்டியது அதுதான் முதல் தடவை. "அந்த ஜர்ர் சுத்தமாப் போயிடுச்சே! கண்ணாடி மாதிரி இருக்கு. எங்க உன் மச்சான்?"

மிக்சர் மேல் மச்சானின் போன் அடித்தது. டிரம்ஸ்காரர் எட்டிப் பார்த்தார். "உன் அக்காடா. எடுக்கவா?"

சுண்டெலியின் கால்கள் வெடவெடவென்று நடுங்கின.

"அக்காகிட்ட அப்புறம் பேசலாம்," என்றார் பாடகர். "இப்படியே வாசி. கையை எடுக்காத."

கை ஏற்கெனவே கம்பியில் இல்லை. எப்போதோ எடுத்துவிட்டிருந்தான். சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

கீழே பார்த்தான்.

பலகைகளின் இடைவெளியில், மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, விரல்கள். கீழேயிருந்து நுழைந்து பலகையின் ஓரங்களை இறுக்கிப் பிடித்திருந்தன. கறுத்தவை, தோல் உரிந்தவை, நகமில்லாதவை, வெறும் எலும்பாய்ப் போனவை. எல்லாம் அசையாமல் பிடித்திருந்ததால் ஒரு பலகைகூட அதிரவில்லை.

ஒரே ஒரு கைக்கு மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை. மஞ்சள் டேப் சுற்றிய ஆள்காட்டி விரல் இடைவெளியோடு நகர்ந்து வந்தது. ஒவ்வொரு பலகையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. இங்கே இல்லை. இங்கேயும் இல்லை. அவன் வெறுங்காலுக்குக் கீழே வந்தது. நடுங்கிக்கொண்டிருந்த அவன் பெருவிரலைத் தடவியது. பிறகு மெல்ல, வெதுவெதுப்பாக, அதன் மேல் எல்லா விரல்களையும் வைத்தது.

நடுக்கம் நின்றது.